பாரதமும் பிற்சேர்க்கையும்

மகாபாரதம் ஐந்தாம் வேதம் எனப் போற்றப்படுவது. வியாச முனிவர் சொல்ல, விநாயகப் பெருமான் தம் கொம்பையே எழுத்தாணியாகக் கொண்டு அதனை எழுதியருளினார் என்று நாம் இளமை முதற் கேட்டு வருகின்றோம். அவ்வரலாறு மூலநூலில் உள்ளதன்று, பிற்காலத்தே சேர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். இது கேட்டு அன்பர் சிலர் மனம் வருந்துகின்றனர். வேறு சிலரோ, ஒன்று பிற்சேர்க்கையாயின் அனைத்தும் புனைவே என்கின்றனர். இவ்விரண்டும் பொருந்துமா என ஆராய்வோம்.

பாரதம் படிப்படியாக வளர்ந்த நூல் என்பதற்கு அந்நூலே சான்று. கிளைக்கதைகள் நீங்கலாக வியாசர் 24,000 சுலோகங்களால் பாரதத்தை யாத்தார் என்று ஆதிபருவம் கூறுகின்றது. நூல் தொடங்கும் இடம் பற்றியும் மூன்று கொள்கைகள் உண்டென அதுவே மொழிகின்றது. சனமேசயனுக்கு வைசம்பாயனர் உரைத்ததை, நைமிசாரணியத்தில் உக்கிரசிரவர் மீண்டும் உரைத்ததாகவே நாம் இன்று படிக்கின்றோம். வாய்கள் பல மாறி வந்த நூலிற் சேர்க்கை நிகழ்தல் இயல்பே.

இதனைத் தெளியப் புனாவிலுள்ள பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சிக் கழகம் 1919ஆம் ஆண்டில் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கிற்று. சுக்தங்கர் முதலிய அறிஞர்கள் சாரதை, தேவநாகரி, வங்கம், தெலுங்கு, கிரந்தம், மலையாளம் முதலிய எழுத்துக்களில் அமைந்த 1,259 சுவடிகளைத் திரட்டி ஆராய்ந்தனர். பதிப்பு 1966இல் நிறைவெய்தியது. தனித்தனியே வழங்கிய சுவடி மரபுகள் அனைத்திலும் காணப்படும் பகுதி பழமையானது, ஒருசாரார் சுவடிகளில் மட்டும் காணப்படுவது பின்வந்தது என்பது அவர்கள் கைக்கொண்ட பொது நெறி. விநாயகர் எழுதிய வரலாறு தென்னாட்டுச் சுவடிகளில் இல்லாமையை விண்டர்னிட்சு 1898இலேயே எடுத்துக்காட்டினார். புனாப் பதிப்பும் அதனை மூலபாடத்தினின்று நீக்கி அநுபந்தத்தில் வைத்தது.

அதே அளவுகோல் வேறொன்றையும் காட்டுகின்றது. தெய்வப்படை வேண்டித் தவங்கிடந்த அருச்சுனன்முன் சிவபெருமான் வேட வடிவிற் போந்து, பொருது, பாசுபதம் அருளிய கைராதப் பகுதி மூலபாடத்திலேயே நிலைபெற்றுள்ளது. பாரவி கிராதார்ச்சுனீயம் பாடியது அவ்வரலாற்றைக் கொண்டே. நமக்கு உவப்பாதலின் இதனை ஏற்போமாயின், அதே நெறியாற் பெறப்பட்ட முன்னைய முடிபையும் ஏற்றலே நேர்மை. ஆராய்ச்சி சமயத்துக்குப் பகை என அஞ்சுவோர் இதனை எண்ணுக.

இப்பதிப்பே வியாசரின் வாய்மொழி என்று பதிப்பித்தோரும் கூறிலர். சுவடிகளின் வழி எட்டக்கூடிய பழைய வடிவம் என்றே கூறினர். பெரியபுராணத்திலும் கம்பராமாயணத்திலும் புகுந்த மிகைச் செய்யுட்களை வெள்ளிபாடல் எனப் பிரித்தறிந்த தமிழ்ப் புலவர்க்கு இந்நெறி புதிதன்று.

ஏழாம் நூற்றாண்டிற் பரமேசுவரவர்ம பல்லவன், கூரம் கோயில் மண்டபத்திற் பாரதம் வாசிப்பதற்கு நிலத்தில் ஒரு பங்கு ஈந்ததனைச் செப்பேடு கூறுகின்றது. இவ்வாறு படிப்போரும் கேட்போரும் இருந்தமையாலேயே நூல் உயிருடன் வாழ்ந்தது, வாழ்ந்தமையாலேயே வளர்ந்தது. பிற்சேர்க்கை யாவும் வஞ்சனையன்று. அவற்றுட் பல அன்பின் விளைவு. பிள்ளையார் வழிபாடும் ஆதிபருவத்தின் ஓரிடத்தைப் பற்றி நிற்பதன்று. ஆதலின் நூலின் காலத்தை அறிவால் அளப்போம். ஐங்கரன் திருவடியை அன்பால் வணங்குவோம். அளப்பதும் வணங்குவதும் தம்முள் மாறுபடா.