யாப்பில் இல்லாத கட்சிகளும் 1800 ஆம் ஆண்டுத் தேர்தலும்

1787 இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியல் யாப்பை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் பாருங்கள். அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வசனம் கூட இருக்காது. அதை எழுதியவர்கள் மறந்து விட்டுவிடவில்லை. கட்சி என்றாலே நாட்டைப் பிளக்கும் கோஷ்டிச் சண்டை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வொஷிங்டன் 1796 இல் மக்களுக்கு எழுதிய பிரியாவிடை உரையிலும் கட்சி வெறியைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்.

ஆனால் அவரது அமைச்சரவைக்குள்ளேயே அது தொடங்கியிருந்தது. தேசிய வங்கி வேண்டும், மத்திய அரசு பலமாக இருக்க வேண்டும் என்றார் திறைசேரிச் செயலாளர் அலெக்சாண்டர் ஹமில்டன். வெளிவிவகாரங்களைக் கவனித்த தோமஸ் ஜெபர்சன் இரண்டையும் எதிர்த்தார். ஹமில்டன் பக்கம் நின்றவர்கள் பெடரலிஸ்டுகள். ஜெபர்சனின் ஆட்கள் தம்மைக் குடியரசுவாதிகள் என்றார்கள். (இன்றைய குடியரசுக் கட்சி வேறு. அது 1854 இல் தோன்றியது.)

யாப்பின்படி தேர்வாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். அதிக வாக்குப் பெற்றவர் ஜனாதிபதி, அடுத்தவர் உப ஜனாதிபதி. கட்சி இல்லாத நாட்டுக்கு இந்த முறை பொருந்தும். 1796 இல் பெடரலிஸ்டான ஜோன் அடம்ஸ் 71 வாக்கும், ஜெபர்சன் 68 வாக்கும் பெற, எதிரும் புதிருமான இருவர் ஒரே அரசாங்கத்தில் அமர நேர்ந்தது.

எதிர்க்கட்சி என்ற ஒன்றை ஏற்கும் மனநிலை அன்று யாருக்கும் இல்லை. எதிர்ப்பவன் துரோகி, அவ்வளவுதான். 1798 இல் பெடரலிஸ்டுகள் இராஜதுரோகச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஜனாதிபதியையோ கொங்கிரஸையோ அவதூறாக எழுதினால் 2,000 டொலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. உப ஜனாதிபதியைத் திட்டுவதற்கு மட்டும் தடையில்லை. ஏனென்றால் அந்தப் பதவியில் இருந்தவர் ஜெபர்சன்! வெர்மொண்ட் மாநிலத்தின் கொங்கிரஸ் உறுப்பினர் மத்தியூ லயன், அடம்ஸை விமர்சித்து எழுதியதற்காக நான்கு மாதம் சிறை சென்றார். சிறைக்குள் இருந்தபடியே மீண்டும் தெரிவும் செய்யப்பட்டார்.

பிறகு வந்தது 1800 ஆம் ஆண்டுத் தேர்தல். குடியரசுவாதிகள் ஜெபர்சனை ஜனாதிபதிக்கும், ஆரன் பர்ரை உப ஜனாதிபதிக்கும் நிறுத்தினார்கள். கட்சிக் கட்டுப்பாடு அளவுக்கு மீறி வேலை செய்தது. ஒரு தேர்வாளராவது பர்ருக்கு வாக்களிக்காமல் விட்டிருக்க வேண்டும், யாரும் விடவில்லை. இருவருக்கும் 73 வாக்குகள். அடம்ஸுக்கு 65.

முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. அங்கு 16 மாநிலங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு, வெல்ல 9 தேவை. ஜெபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரண்டு மாநிலங்கள் பிளவுபட்டிருந்தன. 1801 பெப்ரவரி 11 முதல் 17 வரை 35 தடவை வாக்கெடுத்தும் மாற்றமில்லை. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் ஆளுநர்கள் படை திரட்டும் அளவுக்கு யோசித்தார்கள். 36 ஆவது தடவையில் சில பெடரலிஸ்டுகள் விலகிக்கொள்ள, ஜெபர்சன் 10 மாநிலங்களுடன் வென்றார். அதில் வெர்மொண்டின் வாக்கை அளித்தவர், சிறை சென்று வந்த அதே மத்தியூ லயன்.

மார்ச் 4 ஆம் திகதி அதிகாலை 4 மணிக்கு அடம்ஸ் தலைநகரை விட்டுப் புறப்பட்டார். பதவியேற்புக்கு அவர் நிற்கவில்லை. ஆனால் படையை அழைக்கவுமில்லை, முடிவை மறுக்கவுமில்லை. தங்களை விமர்சித்தவர்களைச் சிறையில் அடைத்த கட்சி, தோற்றதும் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனது. அமெரிக்காவில் ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு ஆட்சி கைமாறியது அதுவே முதல் தடவை.

இதை அளவுக்கு மேல் புகழவும் கூடாது. அடிமைகளுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. ஆனால் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டுத் தென் மாநிலங்களுக்குக் கூடுதல் தேர்வாளர்கள் கிடைத்தார்கள். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் அடம்ஸ்தான் வென்றிருப்பார் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

யாப்பை எழுதியவர்களின் பயமும் பொய்யில்லை. கட்சி வெறி என்ன செய்யும் என்பதற்கு இராஜதுரோகச் சட்டமே சாட்சி. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களை ஒன்றுசேர்த்து, மாற்றாக ஒருவரை நிறுத்தி, வாக்குப் பெட்டியால் பதில் சொல்ல வைத்ததும் ஒரு கட்சிதான். கட்சி இல்லாமல் இருந்திருந்தால் லயனைப் போன்றவர்களின் கோபம் தனித்தனிக் கோபமாகவே அடங்கியிருக்கும்.

அரசியல் விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: 1804 இல் வந்த 12 ஆவது திருத்தம் ஜனாதிபதிக்கும் உப ஜனாதிபதிக்கும் வெவ்வேறாக வாக்களிக்கச் சொல்கிறது. அதிலும் கட்சி என்ற பேச்சே இல்லை. ஆனால் கட்சிகள் நிலைத்துவிட்டன என்பதை யாப்பு வாய்விட்டுச் சொல்லாமல் ஒப்புக்கொண்ட இடம் அதுதான். பரீட்சையில் ஏன் இந்தத் திருத்தம் வந்தது என்று கேட்டால், 73க்கு 73 என்ற கணக்கிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.