சமைத்தவள் பெயர் என்ன?

மீன் குழம்பா? எங்கள் வீட்டில் வைப்பதுபோல் இந்த ஊரில் எவரும் வைத்துவிட முடியாது! வற்றல் குழம்பா? அதற்கு எங்கள் அம்மாவின் கைதான் வேண்டும்! இவ்வாறு பெருமை பேசாத தமிழன் உண்டா? அந்தப் பெருமைக்கு நாம் சூட்டியுள்ள பெயர் கைமணம், கைப்பக்குவம். அழகான சொற்கள்தாம். ஆனால் அச்சொற்களில் கை இருக்கிறது, கைக்குரியவள் இல்லை!

ஆண் சமைத்தால் மட்டும் பெயர் முன்னே வந்து நிற்கிறது. நளபாகம் என்கிறோம், வீமபாகம் என்கிறோம். நளனும் வீமனும் கதையில் கரண்டி பிடித்தவர்கள். கண்ணெதிரே நாள்தோறும் அடுப்பூதி, அம்மி அரைத்து, உரல் குத்தி உழைத்தவளின் பெயரால் ஒரு பாகமேனும் உண்டா? இல்லை. ஏன் இல்லை? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், வாருங்கள்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் ஓர் இளம் இல்லத்தரசியைக் காட்டுகிறார். கட்டித் தயிரைக் கையால் பிசைகிறாள். அந்தக் கையை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணைச் சூழ்கிறது. அவள் அடுப்பை விட்டு விலகவில்லை. தானே துழாவி வைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் சிறிதே மலர்கிறது. சமைத்தவளின் பெருமிதத்தை இதனினும் நுட்பமாய்ச் சொன்னவர் யார்? அவளுக்குப் பெயரில்லைதான். எனினும் அகப்பாட்டில் தலைவனுக்கும் பெயர் சுட்டுவதில்லை, அது மரபு. ஆகவே அங்கே குறைகாண இடமில்லை.

ஆனால், குன்றத்தூருக்கு வாருங்கள்! சென்னைக்கு அருகே, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குச் செல்லும் பாதையில் உள்ள இவ்வூர், 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பிறந்த ஊர். சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்து பெரியபுராணம் பாடியவர் அவர். அந்நூலில் இளையான்குடி மாறனாரின் கதை வருகிறது. வாரி வழங்கி வறியவரான மாறனாரின் வீட்டுக்கு, மழை கொட்டும் நள்ளிரவில் விருந்தினர் ஒருவர் வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. என் செய்வது? வழி கண்டவர் மாறனார் அல்லர், அவருடைய மனைவி! பகலில் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தால் சமைத்துத் தருவேன் என்கிறாள் அவள். அவர் இருளில் சென்று வாரி வருகிறார். அவள் சேறு போகக் கழுவுகிறாள். விறகில்லை, கூரைக் கழியை அறுத்துத் தருகிறார். ஈர நெல்லை வறுத்து, குத்தி, அரிசியாக்கி உலை வைக்கிறாள் அவள். கறிக்கு? கொல்லைக் கீரைதான். அந்த ஒரே கீரையை வெவ்வேறு கறிகளாகச் சமைத்துக் காட்டுகிறது அவளுடைய கைத்திறம்!

விருந்தினர் ஒளியாய்த் தோன்றி மறைந்தார் என்பது புராணம். அதை நம்புவோர் நம்பட்டும். அடுப்படியை மட்டும் நாம் பார்ப்போம். வழி கண்டது யார் அறிவு? வயிற்றை நிரப்பியது யார் ஆற்றல்? அவளுடைய திறமையை மறைக்காமல் பாடினார் சேக்கிழார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆயினும் நாயனார் பட்டியலில் நிற்கும் பெயர் மாறனார் பெயர். அவள் மாறனாரின் மனைவி, அவ்வளவே! புலவரும் புரவலரும் வாழ்ந்த சமுதாயம் அவள் பெயரைக் கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நம் குழம்பின் உயிர் எனக் கருதும் மிளகாய் தமிழ் மண்ணின் செடி அன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அது, போர்ச்சுகீசியர் 1498இல் கோழிக்கோட்டுக்குக் கடல்வழி கண்ட பின்னரே இங்கு வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. அதற்கு முன் காரம் என்றால் மிளகு. சங்கத் தமிழில் கறி என்ற சொல்லே மிளகைக் குறித்தது. புதிதாய் வந்ததை மிளகு போன்ற காய் என்று மிளகாய் ஆக்கிக்கொண்டோம். எத்துணைப் புளிக்கு எத்துணைக் காரம் என அளந்து, சுவைத்து, திருத்தி, நாட்டின் நாக்கையே மாற்றிய ஆராய்ச்சி எங்கே நடந்தது? அடுக்களையில்! ஆராய்ந்தவர் யார்? பெண்கள்! தொன்றுதொட்டு மாறாதது நம் சமையல் என்போர், அந்தப் பெண்களின் அறிவையே மறுக்கிறார்கள்.

சரி, கையைப் போற்றும் நாடு எல்லாக் கையையும் போற்றியதா? இல்லை! சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப்பந்தி வைத்த கொடுமை 1920களில் தமிழகத்தையே உலுக்கிற்று. பெரியார் கிளர்ந்தெழுந்தார். அது பழங்கதை என்பீரோ? 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிக்கு அருகே ஓர் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பெண் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக, அவர் சமைக்கக் கூடாதென்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தனர். நெல்லை விளைவித்த கை தீட்டில்லை. நெல்லைச் சோறாக்கிய கை தீட்டாம்! என்னே இவர்களின் அறிவு!

1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நண்பகல் உணவு அளித்தார். 1956இல் காமராசர் அதனை மாநிலமெங்கும் விரித்தார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசியை ஓட்டியது மட்டுமன்று இத்திட்டங்களின் பயன். பல சாதிப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தி, ஒரே பானைச் சோற்றை உண்ணச் செய்ததும் பயனே. அவிநாசியில் எதிர்த்தவர்கள் அஞ்சியது அந்த வரிசையைக் கண்டுதான்.

ஆலைகளைப் பாருங்கள். திருப்பெரும்புதூர் வட்டார மின்னணு ஆலைகளில் ஆயிரமாயிரம் இளம்பெண்கள், ஊரையும் உறவையும் விட்டு விடுதிகளில் தங்கி உழைக்கிறார்கள். 2021 டிசம்பரில் அத்தகைய விடுதியொன்றின் உணவால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர் நெடுஞ்சாலையில் அமர்ந்து நீதி கேட்டனர். நல்ல சோறு தாயின் கருணை மட்டுமன்று, உழைப்போரின் உரிமை என்று நாட்டுக்கு உணர்த்தியவர்கள் அந்தப் பெண்களே. தாயின் கைமணத்தை எண்ணி ஏங்கும் அவர்கள், நாளை ஆலையிலிருந்து திரும்பி அதே அடுப்பின் முன் தனியே நிற்க வேண்டுமா? பகலில் கைப்பேசி செய்த கை இரவிலும் ஓய்வின்றிக் கரண்டி பிடிக்க, உடன் உழைத்த கணவன் கைகட்டி அமர்ந்து கைமணத்தைப் புகழ்வதா? புகழ்ச்சி கூலியாகாது, தோழர்களே! பல வேளைகளில் அது பூட்டிய விலங்குக்குப் பூசிய பொன்.

அம்மாவின் குழம்பைப் புகழுங்கள், புகழத்தக்கதே அது. ஆனால் அந்தக் குழம்பை எப்படி வைப்பதென்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதிய தாளின் தலைப்பில் அவர் பெயரைப் பொறியுங்கள். பிறகு அந்தத் தாளோடு, இளைஞரே, நீங்களே அடுப்படிக்குள் செல்லுங்கள். சமைத்ததை எல்லோரையும் ஒரே பந்தியில் அமர்த்திப் பரிமாறுங்கள். மாறனாரின் மனைவிக்கு மறுக்கப்பட்ட பெயரை இனி நாம் தேடித்தர இயலாது. நம் வீட்டுப் பெயர்களையாவது மறையாமல் காப்போம்!