ஒரே சஹனில் இரு கரைகள்

காவிரிக் கரையில் மோகனூரில் வாழும் நமக்குக் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று என்றோ ஒருநாள் கிட்டும் பேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்தின் பொருட்டுக் காயல்பட்டினம் சென்றிருந்தோம். சுப்ரா விரித்த தரையில் வரிசையாக அமர்ந்தோம். சஹன் எனப்படும் பெரிய வட்டத் தட்டுகள் வந்தன. நெய்ச்சோறு, களறிக் கறி, பருப்பு, கத்தரிக்காய் என அவ்வூரின் மரபு விருந்து. நமது சஹனில் உடன் கை வைத்தவர் நாம் முன்பின் கண்டிராத ஒரு முதியவர். "கூச்சப்படாதீங்க ஹஜ்ரத்" என்று கூறித் தம் பக்கத்து இறைச்சித் துண்டை நம் பக்கம் ஒதுக்கினார். சஹன் வெறுமையானபோது அவர் நமக்கு அயலாராக இல்லை.

அன்று மாலை கடைத்தெருவில் தேநீர் அருந்துகையில், பக்கத்து மேசையில் ஆளுக்கொரு தட்டில் புரோட்டா உண்டுகொண்டிருந்த இளைஞர்களிடம் பகல் விருந்தைப் பாராட்டிப் பேசினோம். அவர்களுள் ஒருவர் சிரித்தார். "கல்யாணத்துக்கு மட்டுந்தான் சஹன், ஹஜ்ரத். வீட்டில் எல்லாருக்கும் தனித்தட்டுதான். அதுதானே நாகரிகம்?" என்றார். அவர் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. எனினும் அச்சொல் நம்முடனேயே மோகனூர் வரை வந்தது. ஒரு தட்டில் என்ன இருக்கிறது? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்திருந்த காயல் துறைமுகம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகறிந்த பட்டினமாக விளங்கிற்று. வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கலங்கள் இங்கே தங்கியதைக் குறித்துள்ளார். பாண்டிய மன்னர்களுக்குக் குதிரை தேவை. அரபு வணிகர்களுக்கு நம் நாட்டுப் பொருள்கள் தேவை. காற்று மாறும்வரை கலங்கள் காத்துக்கிடக்கும். மாலுமியும் வணிகரும் மாதக்கணக்கில் கரையில் தங்குவர். அவர்களுக்குச் சோறிட வேண்டிய பொறுப்பு ஊரைச் சார்ந்தது. கடற்கரை முஸ்லிம்களின் விருந்தோம்பல் இவ்வாறு வாழ்க்கைத் தேவையிலும் வேரூன்றி வளர்ந்தது எனலாம்.

அவ்வளர்ச்சிக்குச் சொற்களே சான்று. சஹன் அரபுச் சொல். சுப்ரா, 'ஸுஃப்ரா' என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். கீழக்கரையார் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் தொதல், மலாய் மக்களின் 'தோதோல்'. இவற்றுக்கு நடுவே நம் பெண்மக்கள் குழம்பை இன்றும் 'ஆணம்' என்கின்றனர்; காலை உணவு உண்பதைப் 'பசியாறுதல்' என்கின்றனர். ஏனைய இடங்களில் பெரிதும் வழக்கொழிந்த பழந்தமிழை நம் அடுப்படிகள் காத்து வைத்துள்ளன. அரபும் மலாயும் தமிழும் ஒரே சஹனில் அமர்ந்து உண்கின்றன!

இக்கரையின் சோற்றை உண்டு பார்த்த அயல்நாட்டாருள் இப்னு பதூதா குறிப்பிடத்தக்கவர். 1340களில் மலபாரிலும் மாலத்தீவிலும் இலங்கையிலும், அரபியர் 'மஃபர்' என்றழைத்த நம் சோழமண்டலக் கரையிலும் அவர் சுற்றினார். ஹொன்னாவர் சுல்தானின் விருந்தில் சோறும் நெய்யும், மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்களும், பின்னர் கோழியும் மீனும், இறுதியில் தயிரும் வந்த முறையை விரித்துரைக்கிறார். மூன்றாண்டுகள் ரொட்டியே காணாமல் சோறு மட்டும் உண்டு, கடைசியில் அதைத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்க முடிந்தது என்று குறைப்பட்டும் கொள்கிறார். ரொட்டி உண்டு வளர்ந்த மொராக்கோக்காரர் அல்லவா!

அதே இப்னு பதூதா 1350இல் ஸ்பெயின் நாட்டின் தென்கரையில் உள்ள மாலகா பட்டினத்தை அடைந்தார். அது அந்தலுஸ் என்று அரபியர் வழங்கிய நாடு. அங்கே மலிவாக விற்ற திராட்சையையும், நிகரற்ற மாதுளையையும், கிழக்கிற்கும் மேற்கிற்கும் ஏற்றுமதியான அத்தியையும் வாதுமையையும் புகழ்ந்தார். நம் கரையில் உண்ட அதே கை அக்கரையிலும் உண்டது. ஆகவே அக்கரையின் கதையையும் நாம் கேட்டாக வேண்டும்.

அந்தலுஸின் கீழைக் கடலோரத்தில் தானியா என்றொரு பட்டினம் உண்டு. இன்று அதன் பெயர் தெனியா. அரபு மதரஸாவில் ஓதியவர்க்கு இப்பெயர் புதிதன்று. கிராஅத் கலையில் 'அத்தைஸீர்' என்னும் நூலை யாத்த இமாம் அபூ அம்ர் அத்தானீ (ரஹ்) அவ்வூரில் வாழ்ந்து ஹிஜ்ரி 444இல், அதாவது கி.பி. 1053இல், அங்கேயே மறைந்தார். அந்நூலைக் கவிதையாக்கியவர் அருகிலுள்ள ஷாத்திபா ஊரினரான இமாம் ஷாத்திபீ (ரஹ்). அவருடைய வழியில்தான் இன்றும் உலகின் பெரும்பகுதி குர்ஆனை ஓதுகிறது. அந்நாளில் தானியாவை ஆண்டவர் முஜாஹித் அல்ஆமிரீ. எகிப்தில் பஞ்சம் வந்தபோது அவருடைய மகன் ஒரு பெருங்கலம் நிறைய உணவுப் பொருள் அனுப்பினார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

இன்று தெனியா உணவுக்குப் பேர்போன ஊர். 2015இல் யுனெஸ்கோ அதனை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. துறைமுகத்தை ஒட்டிய உணவகங்களில் செவ்விறாலும், வெயிலில் உலர்த்தித் தீயில் வாட்டிய கணவாயினப் பேய்க்கணவாயும் கிடைக்கும். நம் கருவாட்டை நினைவூட்டும் உணவு அது. மீன் வேகவைத்த சாற்றிலேயே அரிசியை வேகவைத்து, மீனைத் தனியே பரிமாறும் சோறு ஒன்றும் உண்டு; மீனவர் படகில் சமைத்து உண்ட எளிய உணவு இன்று விருந்தினர் நாடிவரும் பண்டமாயிற்று. வலன்சியா நாட்டுப்புறத்தில் 'பாயெய்யா' என்னும் சோற்றை, சமைத்த அகன்ற சட்டியிலேயே நடுவில் வைத்து, சுற்றியமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து மரக்கரண்டியால் உண்பது பழைய வழக்கம். நம் சஹனின் உடன்பிறப்பு போலிருக்கிறதன்றோ? அப்பெயரை அரபுச் சொல்லென்று சிலர் கூறுவர், அது சரியன்று. சட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அது.

ஆனால் அச்சட்டிக்குள் இருப்பவற்றைக் கேட்டுப் பாருங்கள். அரிசி ஸ்பானிய மொழியில் 'அர்ரோஸ்', அரபின் 'அர்ருஸ்'. எண்ணெய் 'அசெய்த்தே', அரபின் 'அஸ்ஸைத்'. கத்தரிக்காய் 'பெரென்ஹேனா', அரபின் 'பாதின்ஜான்'. இறைச்சி உருண்டை 'அல்போந்திகா', அரபின் 'அல்புந்துகா'. சர்க்கரையோ 'அசூக்கார்', அரபின் 'அஸ்ஸுக்கர்'. அந்த ஸுக்கரின் மூலம் நம் பாரத நாட்டுச் 'சர்க்கரா'. மோகனூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டியைக் காணுந்தோறும் இச்சொல்லின் நெடும்பயணம் நம் நினைவில் எழுகிறது.

சொற்கள் எஞ்சின. அவற்றைக் கொடுத்த மக்கள் எங்கே? 1492இல் கிரானடா வீழ்ந்தது. 1502இல் காஸ்தீலிலும், 1525-26இல் வலன்சியா உள்ளிட்ட அரகோன் நாடுகளிலும் முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ ஆணையிடப்பட்டனர். மாறியவர்களையும் விட்டார்களில்லை. விசாரணை மன்றங்கள் அவர்களுடைய அடுப்படியில் சான்று தேடின. பன்றியிறைச்சி உண்ண மறுத்தாரா? குஸ்குஸ் சமைத்தாரா? தரையில் அமர்ந்து உண்டாரா? இவையெல்லாம் குற்றச்சாட்டுகளாக ஏடுகளில் பதிவாயின. அண்டை வீட்டாரும் பணிப்பெண்ணும் சாட்சி கூறினர். 1567இல் கிரானடாவில் அரபு மொழியும் உடையும் தடைசெய்யப்பட்டன. இறுதியாக 1609 செப்டம்பரில் வலன்சியாவில் வெளியேற்ற ஆணை முழங்கிற்று. முதற்கலங்கள் புறப்பட்ட துறைகளுள் ஒன்று இதே தெனியா. 1614க்குள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தாய்மண்ணை இழந்தனர். எகிப்தின் பசிக்கு உணவுக்கலம் அனுப்பிய துறைமுகத்திலிருந்து, அம்மண்ணின் மக்களே கலமேற்றி அனுப்பப்பட்டனர்.

ஒரு சஹனில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இங்கே உள்ளது. தரையில் அமர்ந்து சேர்ந்துண்பது ஒரு சமுதாயத்தின் அடையாளம் என்பதை அதன் நண்பரைவிடப் பகைவரே நன்கறிந்திருந்தனர். அதனாலன்றோ அதைக் குற்றமாக்கினர்! அம்மக்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு அச்சத்தோடு செய்ததை, நாம் கதவு திறந்த முற்றத்தில் ஆண்டாண்டாகச் செய்து வருகிறோம். நம்மிடமிருந்து அதை யாரும் பறிக்கவில்லை. நாமே 'பழங்காலம்' என்று கைநழுவ விடுகிறோம். இதுவே நம்மை வருத்துவது.

உணவகத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வழிப்போக்கனுக்கும் வேலை தேடி வந்தவனுக்கும் அது நிழல். நாமக்கல் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டுவோர் அதனாலேயே பசியாறுகின்றனர். குடும்பத்தோடு ஒருநாள் வெளியே உண்டு மகிழ்வதிலும் பிழையில்லை. ஆனால் கடையில் வாங்கும் சோறு வயிற்றை நிரப்பலாம். தன் பங்கை மற்றவர் பக்கம் ஒதுக்கிவைக்கும் கையை அது பழக்காது. அப்பழக்கம் ஒரே தட்டில் உண்ட வீட்டில்தான் பிறக்கும். சேர்ந்துண்பதில் பரக்கத் உண்டு என்று நம் மார்க்கம் போதித்ததன் நுட்பமும் இதுவே.

ஆகவே வாரத்தில் ஒருவேளையேனும், வெள்ளிக்கிழமைப் பகலிலேனும், வீட்டில் ஒரு சஹனை எடுத்து வையுங்கள். பிள்ளைகளைச் சுற்றி அமர்த்துங்கள். ஆணம் என்றும் பசியாறல் என்றும் அவர்கள் காதில் விழட்டும். பாட்டிமார் கைப்பக்குவத்தை அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள். தெனியாவில் சொற்கள் எஞ்சின, சொன்னவர்கள் இல்லை. நம்மிடம் இருவரும் உள்ளனர். ஊர் திரும்பிய அன்றே நாம் மோகனூரில் ஒரு பெரிய தட்டு வாங்கினோம். முதல் நாள் பேரப்பிள்ளைகள் முகம் சுளித்தனர். மூன்றாம் வாரம் கடைக்குட்டி, தன் பக்கத்து முட்டையைப் பாதியாகப் பிட்டு அக்காவின் பக்கம் தள்ளி வைத்தான்.