வற்கடக் காலத்து மதுரையும் சோறிட்ட வாயில்களும்

பாண்டி நாட்டிலே பன்னீராண்டு மழை மறுத்து வற்கடம் நேர்ந்த செய்தியை இறையனார் களவியலுக்கு எழுந்த பழைய உரை கூறும். ஆலவாய்ப் பெருமான் அறுபது சூத்திரம் அருளிய திறத்தை உணர்தற்பொருட்டு அப்பகுதியைக் கற்றோர் பலரும் ஓதுவர். யாமும் திருமடத்திற் பாடங்கேட்ட நாளில் அவ்வாறே ஓதினேம். ஆயினும் அவ்வுரையகத்தே நம்மனோர் விரைந்து கடந்துபோகும் பிறிதொரு செய்தியும் உளது. பசி மிகவே, அதுகாறும் தன்பாற் பொருள்பெற்று வாழ்ந்த புலவரையெல்லாம் பாண்டியன் அழைத்து, இனி உங்களைப் புரத்தல் என்னால் ஆகாது, நீவிர் அறிந்த இடங்களிற் சென்று பிழைத்து, நாடு செழித்தபின் என்னை நினைந்து மீண்டு வருக என்னுங் கருத்துப்படக் கூறி விடுத்தான் என்பது அது.

அரசன் செய்தது பழிக்கத்தக்கதன்று. பொய்யுறுதி கூறிப் புலவரை வாயிலிற் காத்திருக்கச் செய்யாது உள்ளதை உள்ளவாறே சொன்னான். பிற்காலத்து அரசியலார் பலர்க்கு அவ்வளவு வாய்மையும் இருந்ததில்லை. ஆனால் அங்ஙனம் போந்த புலவர்க்கு அப்பன்னீராண்டும் சோறிட்டவர் யாவர்? உரையாசிரியர் கூறிற்றிலர். புலவரல்லாத உழவரும் கொல்லரும் கூலியாளரும் யாதாயினர்? அதனையும் கூறிற்றிலர். மழை பெய்தபின் அரசன் ஆள்விடுத்துத் தேடியபொழுது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லாரே கிடைத்தனர், பொருள் வல்லார் கிடைத்திலர் என்று மட்டுங் கூறுவர். கற்றோர் சிதறிப்போகவே ஒரு நூற்றுறையும் உடன் போயிற்று என்பது இதனாற் பெறப்படும். அரசன் அளித்துவந்த உணவு இடையறவுபட்டவிடத்து மதுரையாரும் அதனைச் சூழ்ந்த நாட்டாரும் எவ்வாயிலை நாடிப் பிழைத்தனர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்த பொருள்.

உரையாசிரியர் விடுத்த வினாவுக்கு ஒருவாறு விடை தருவது மணிமேகலை. அது புறச்சமய நூலாயினும் மதுரை வரலாற்றுக்குப் பெரிதும் பயன்படுவது. அந்நூலும் பாண்டி நாட்டிற் பன்னீராண்டு மழையின்மையைக் கூறும். பன்னீராண்டென்பது புலவர் மரபுபற்றி வந்த எண்ணாகலாம். இரண்டும் ஒரு வற்கடமே என யாம் துணியமாட்டேம். தாயாற் கைவிடப்பட்டு, வளர்த்த ஊராராலும் துரத்தப்பட்ட ஆபுத்திரன் என்பான் மதுரைக்கு வந்து சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தே தங்கினான். பகலெல்லாம் கையிலோடேந்தி மனைதொறும் ஐயம் ஏற்றான். ஏற்றதைக் கொணர்ந்து குருடர், செவிடர், முடவர், பிணியாளர், காப்பாரில்லாதார் யாவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, அவ்வோட்டையே தலைக்கணையாக வைத்துத் துயின்றான். அமுதசுரபி கிடைத்தது அதற்குப் பின்னரே என்பது கருதத்தக்கது. தேவி தந்த பாத்திரத்தின் பெருமையைப் பேசுவோர், அதற்கு முன் அவ்வோட்டில் வீடுதோறும் ஒருபிடி சோறு இட்ட மதுரை மகளிரை மறந்துவிடுகின்றனர். அவரின்றேல் அவன் ஊட்டியது யாதைக்கொண்டு?

நம் சமய வரலாற்றிலும் இவ்வாயில் பலகாலும் காணப்படும். மதுரைக்குத் தென்கிழக்கேயுள்ள இளையான்குடியில் மாறனார், நள்ளிரவு மழையில் வந்த அடியார்க்கு அமுதாக்கும்பொருட்டு, அன்று பகல் வயலில் விதைத்த முளைநெல்லை வாரிக்கொணர்ந்த வரலாறு யாவரும் அறிந்ததே. திருவிளையாடற் புராணத்தில் அடியார்க்கு நல்லான் என்னும் வேளாளர், விளைவு குன்றிக் கடனும் கிடையாதொழிந்த காலத்தும் மாகேசுரபூசையை நிறுத்த மனமின்றி உயிர்விடத் துணிந்தபொழுது, சோமசுந்தரக் கடவுள் உலவாக்கோட்டை அருளினார். இவ்விரண்டினும் அரசன் பெயரே இல்லை.

சோழநாட்டுத் திருவீழிமிழலை வரலாறு ஒன்றையும் இங்குச் சொல்லவேண்டும். பொருளுதவி எவ்வாறு தடைப்படும் என்பதற்கு அதனினும் நல்ல சான்று யாம் கண்டதில்லை. வற்கடம் நேர்ந்தபொழுது இறைவர் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாடோறும் ஒவ்வொரு காசு படியாக வைத்தருளினார். அப்பர் பெற்ற காசு வாசியின்றி மாறிற்று. சம்பந்தர் பெற்றதோ வாசிப்பட்டது. கடைக்காரர் வட்டங் குறைத்தே அதனை ஏற்றமையால் பண்டம் வாங்கக் காலம் நீட்டித்தது. அதனால் சம்பந்தர் திருமடத்தில் அடியார்கள் காலந்தாழ்த்தே அமுது செய்தனர். சம்பந்தர் அதனை அறிந்து பதிகம் பாடி வாசி தீர்த்துக்கொண்டார். இறைவன் தந்த படியே கடைத்தெருவில் தாழ்க்குமாயின், அரசினர் தரும் படி தாழ்த்தல் வியப்பன்று. உணவு தாழ்த்த ஒரு வேளையிலேயே அதன் காரணத்தை ஆராய்ந்த பிள்ளையாரது கருணையே வியக்கத்தக்கது.

இனி, நாயக்க மன்னர் காலத்திலே பெருவழிகளில் எழுந்த சத்திரங்கள் இவ்வறத்தை நிலைபெறச் செய்தன. 1689 முதல் 1706 வரை ஆட்சி நடாத்திய இராணி மங்கம்மாள் பெயரால் மதுரையிலே புகைவண்டி நிலையத்தின் எதிரே நிற்குஞ் சத்திரத்தை வழிப்போக்கர் யாவரும் அறிவர். கும்பினியார் 1817-ஆம் ஆண்டு ஏழாம் ஒழுங்கு சட்டத்தால் கோயில், சத்திரம் முதலிய அறநிலையங்களை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையிற் கொணர்ந்தனர். 1863-இல் வேறொரு சட்டஞ்செய்து கோயில்களினின்றும் கைவாங்கினர். இம்மாற்றங்களிடையே சிதைந்துபோன அறக்கட்டளைகள் பல. ஆயினும் பழைய சத்திரங்களை யாம் முழுதும் புகழ ஒருப்படேம். அவற்றுட் பலவற்றில் பந்தி சாதிபற்றி வகுக்கப்பட்டிருந்தது. சிலர்க்கு உள்ளே இலை, சிலர்க்குப் புறத்தே கஞ்சி, சிலர்க்கு யாதுமில்லை. பசிக்குச் சாதி வகுத்த அறம், அறத்தின் பெயர்பூண்ட பிறிதொன்றேயாம்.

தாது வருடப் பஞ்சத்தை இனி விரித்துரைப்பேம். தாது வருடமாவது 1876-ஆம் ஆண்டுச் சித்திரைமுதற் பங்குனியீறாகிய காலம். அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. மறு வருடமாகிய ஈசுவரத்திலும் துன்பம் நீங்கிற்றில்லை. 1875-இலேயே மதுரைக்கு இருப்புப்பாதை வந்துவிட்டது. தானியமும் அதன்வழி வந்தது. ஆனால் வந்த தானியத்தை வாங்கக் காசில்லை. வயலில் வேலையற்ற கூலியாளரும், துணி விலைபோகாத நெசவாளருமே முதற்கண் பசித்தனர். அரசினர் சாலை வெட்டுதல், குளந்தோண்டுதல் முதலிய வேலைகளைத் திறந்து கூலியளித்தனர். அக்கூலியை நம்பிப் பல்லாயிரவர் ஊர்விட்டுப் போந்து வேலையிடங்களிற் குழுமினர்.

இந்நிலையில், செலவைச் சுருக்கும்பொருட்டு இராசப்பிரதிநிதி லிட்டன் பிரபுவால் அனுப்பப்பெற்ற சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அக்கூலியைக் குறைத்துவிட்டார். வேலைசெய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் அதன்மேற் சிறு காசுமே என விதித்தார். டெம்பிள் என்னும் ஆங்கிலச் சொற்குக் கோயில் என்பது பொருள்; அவர் பெயராலேயே அக்கூலி வழங்கப்பட்டது. கோயிலென்னும் பெயர் பட்டினிக்கு அடையாயது காலத்தின் கொடுமை! சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரியாயிருந்த மருத்துவர் கார்னிஷ் என்பார், மண்சுமக்கும் உடம்பு அவ்வுணவாற் பிழையாது என உடனே மறுத்தெழுதினார். காலங்கழிந்த பின்னரே அவ்வாண்டிற் சென்னை அரசினர் கூலியைச் சிறிது உயர்த்தினர். அவ்விடைக்காலத்தில் மெலிந்தவர் மீளவில்லை.

அக்காலத்து மதுரையிலே அன்னமிட்டவள் ஒருத்தியை மதுரையார் வழிவழியாகக் கூறிவருகின்றனர். அவள் பெயர் குஞ்சரத்தம்மாள், கணிகையர் குலத்தவள், பெருஞ்செல்வி. வடக்காவணி மூலவீதியில் இருந்த தன் மனையின் வாயிலிற் கஞ்சி காய்ச்சி, வந்தவர் யாவர்க்கும் நாளொன்றுக்கு ஒருவேளை வார்த்தாள் என்ப. கைப்பொருள் தீரவே அணிகலன்களை விற்றாள். அவையுந் தீரவே வீட்டையும் விற்றாள் என்ப. அவள் அடுப்பு மூட்டிய பின்னரே அரசினரும் நகரிற் கஞ்சித்தொட்டி திறந்தனர் என்றும், பஞ்சம் நீங்குங்காலத்து அவள் வறியளாய் இறந்தாள் என்றும், அவளைச் சுடலைக்கு எடுத்துச்சென்றபொழுது ஊரே திரண்டது என்றும் கூறுவர். இவ்வரலாற்றை வாய்மொழியினின்றும் எடுத்து, 2008-இல் வெளிவந்த 'காவல் கோட்டம்' என்னும் நாவலில் சு. வெங்கடேசன் எழுதியமையால் இக்காலத்தார் பலரும் அறிவாராயினர்.

இச்செய்தியுள் வாய்மொழியால் மிகைப்பட்ட பகுதியும் இருக்கலாம். அது பற்றி யாம் வருந்தேம். நம்மை நாணுறுத்துவது வேறு. நகரிலே மடங்களும் சத்திரங்களும் பெருவணிகர் மனைகளும் இருக்க, மக்கள் நினைவில் நின்றது ஒரு கணிகை வீட்டு வாயிலே. அங்கே நின்றவனை நின் குலம் யாது, ஊர் யாது, வேலையிடத்திற் பெயர் பதிந்ததுண்டோ என்று வினவினார் இலர். ஏனைய வாயில்களில் இவ்வினாக்கள் இருந்தன.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பஞ்சமும் கொள்ளைநோயும் ஒருங்கே தாக்கின. அங்கே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் அன்பரிடம் பொருள்திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடாத்தினார்கள். அத்துடன் அமையாது, துயருற்ற குடிகளைப் புறக்கணித்த அதிகாரியைக் கண்டித்தும் எழுதினார்கள். இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கிருந்தமை போற்றத்தக்கது. கஞ்சிவார்ப்போர் பலர் அதிகாரியின் முகங்கோணுமென்று வாய்மூடியிருப்பர்; அதிகாரியைக் கண்டிப்போர் பலர் ஒரு பிடி அரிசியுங் கொணரார்.

1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இலண்டன் மாநகரத் தலைவர் திறந்த நிதிக்கு ஆறு இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட பொருள் திரண்டது. அதன் ஒருபகுதி, விதைநெல்லையும் உழவுமாட்டையும் இழந்த குடியானவர்க்கு அவற்றை மீள வாங்க உதவிற்று. இளையான்குடி மாறனார் விதையை வாரிய வரலாற்றை ஓதும் நமக்கு அவ்வுதவியின் அருமை நன்கு புலப்படும். ஆயினும் மதுரை மாவட்டத்து இழப்பைக் குடிக்கணக்கே காட்டும். 1871-இல் ஏறக்குறைய 22 இலட்சத்து 66 ஆயிரமாயிருந்த மக்கட்டொகை 1881-இல் 21 இலட்சத்து 68 ஆயிரமாயிற்று. பத்தாண்டில் வளர்ந்திருக்கவேண்டிய தொகை தேய்ந்தது. இறந்தார் பலர்; இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார் பலர்.

இதன்பின் 1880-இல் பஞ்சக் குழுவினர் அறிக்கை தந்தனர். பஞ்சகாலத்து ஒழுகலாறுகள் சட்டமாக எழுதப்பட்டன. 1895-இல் முல்லைப் பெரியாற்று நீர் மலை குடைந்து வையைக்குத் திருப்பப்பட்டது. மேலூர்ப் பக்கத்து வறண்ட நிலங்கள் நன்செய்யாயின. இவை அரசினர் செயல். ஆயிரம் குஞ்சரத்தம்மாள் கூடினும் ஒரு மலையைக் குடைதல் ஒல்லாது. ஆதலின் ஊரவர் அறம் அரசினர் கடமைக்கு ஈடாகும் என்பார் கூற்றை யாம் கொள்ளேம்.

நிற்க, நம் காலத்துக்கு வருவேம். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டையுடையார்க்கு விலையின்றியே அரிசி வழங்கப்படுகின்றது. பழைய வற்கடங்களை நினைப்பார்க்கு இது சிறு பேறன்று. எனினும் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தீநுண்மி நோய்பற்றி ஊரடங்கு நேர்ந்தபொழுது, அட்டையில்லாதாரும், வேற்றூர்க் கூலியாளரும், வீதியிற் கிடந்தாரும் கலங்கினர். கோயில்கள் அடைக்கப்பட்டமையால், 2002 முதல் நடந்துவந்த நண்பகல் அன்னதானப் பந்தியும் கோயிலுள்ளே நிகழ இயலாதாயிற்று. அந்நாளில் சோற்றுப்பொட்டலங்கள் வீதிக்கு வந்தன. இளைஞர் பலர் தம் கைப்பொருளாற் சமைத்துத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றனர். ஆபுத்திரன் மனைதொறும் ஏற்றுக் கொணர்ந்தான். இவர் சமைத்து மனைதொறும் இட்டனர்.

அரிசி தடைப்படுதற்கு இக்காலத்து மழை பொய்க்கவேண்டுவதில்லை. விரல்ரேகை பொய்த்தாலும் போதும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நியாயவிலைக் கடைகளில் ரேகைப் பதிவு வந்தது. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த முதியோர் விரலைப் பொறி அறிந்துகொள்வதில்லை. சம்பந்தர் காசுக்கு வாசி நேர்ந்ததுபோல இவர்தம் விரலுக்கு வாசி நேர்கின்றது. இத்தகையோர் வாளா திரும்புதல் தகாது. தம் பொருட்டு மற்றொருவர் வாங்கிவர எழுத்துமூலம் இசைவுபெறலாம். வட்ட வழங்கல் அலுவலர்க்கு முறையிடலாம். 1967 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் கூறலாம். முதியோர்க்கும் உடற்குறையுடையார்க்கும் பண்டங்களை மனைக்கே கொண்டுசெல்லும் திட்டமொன்று 2025-இல் தொடங்கப்பட்டது. அதற்குத் தாயுமானவர் பெயரிட்டமை எமக்கு உவகை தந்தது.

முறையீடு தீரும்வரை வயிறு காத்திராது. மீனாட்சியம்மன் திருக்கோயில் அன்னதானக் கூடம் உண்டு. மாநகராட்சியில் 2013-இல் தோன்றிய மலிவு உணவகங்கள் உண்டு. நோன்புக் காலத்தே பள்ளிவாசல்களிற் கஞ்சி உண்டு. சிற்றூர்களில் இவை இல்லை. ஆண்டுதோறும் திருவிழா அன்னதானத்துக்கு ஊர்ப்பொதுவில் அரிசி திரட்டுங் குழுவினர் இலாத சிற்றூர் மதுரைச் சமவெளியிற் காண்டல் அரிது. அவர்தம் அண்டாக்கள் ஆண்டில் மூன்று நாளே அடுப்பேறுகின்றன. எஞ்சிய நாட்களில் கோயில் அறைகளிற் கவிழ்ந்து கிடக்கும் அவ்வண்டாக்களின் சாவி யாரிடம் உளது என்பதை ஒவ்வோர் ஊரிலுள்ள அன்பரும் இப்பொழுதே அறிந்துவைத்தல் நன்று.