நயினியப்ப பிள்ளை வழக்கு: துபாஷியின் அதிகாரமும் அதன் எல்லையும்

1716 பிப்ரவரியில் புதுச்சேரியில் நயினியப்ப பிள்ளை கைதானார். பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகர் அவர். 1708இல் அவரை அப்பதவியில் அமர்த்திய அதே ஆளுநர் எபேர்தான் இப்போது கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் என்று குற்றம் சுமத்தினார். ஜூனில் தீர்ப்பு வந்தது: கடைத்தெருவில் 50 கசையடி, 3 ஆண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம். மறு ஆண்டே அவர் சிறையில் இறந்தார்.

இப்படி ஐரோப்பியருக்குத் தரகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த துபாஷிகளைக் கைக்கூலிகள் என்போர் உண்டு. அந்நியரைத் திரைமறைவில் ஆட்டிவைத்தவர்கள் என்போரும் உண்டு. இவ்வழக்கு இரண்டுக்குமே இடம் தரவில்லை. துணிக் கொள்முதல், கடன், ஆள்சேர்ப்பு என எதுவும் தலைமைத் தரகர் இன்றிக் கம்பெனிக்கு நடக்காது. அந்தச் செல்வாக்கே அவர்மேல் சந்தேகத்தையும் கிளப்பியது. ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் அன்னமிட்டு ஜெபமாலையும் வழங்கியதைக்கூட இயேசு சபையார் பொறுக்கவில்லை. தங்கள் மந்தைக்கு இந்து ஒருவர் புரவலராவதா என்பதே அவர்கள் கோபம்.

விசாரணை நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆளுநரும் தரகரும் அதுவரை நேருக்கு நேர் போர்த்துகீசிய மொழியில் பேசிவந்தவர்கள். விசாரணையிலோ நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிறுத்தப்பட்டார். அவர் இயேசு சபையின் உபதேசியார் ஒருவரின் மகன். நயினியப்பர் தமிழில் சொன்னது பிரெஞ்சில் பதிவானது. அதைப் படித்துச் சரிபார்க்க அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. பேச்சின் மீதான பிடியைப் பறித்த பிறகே அவரைத் தண்டிக்க முடிந்தது என்பது என் வாதம்.

இத்தகைய இடையாளர்கள் மேலிடத்தில் முறையிட்டாலும் அது எடுபடும் என்பது உறுதியில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன், ஸ்பானியர் ஆண்ட பெருவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த குவாமன் போமா, அதிகாரிகளின் கொடுமைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் எழுதி மன்னர் மூன்றாம் பிலிப்புக்கு முறையிட்டார். அந்தக் கையெழுத்துப் படி 1908இல்தான் கோபன்ஹேகன் நூலகத்தில் அறிஞர் கண்ணில் பட்டது. நயினியப்பர் குடும்பத்தின் முறையீடோ பாரிஸில் எடுபட்டது. எபேர்மீது பகை கொண்ட பிரெஞ்சு வணிகர்களும், இயேசு சபையோடு போட்டியிட்ட பிற பாதிரிமார்களும் அதற்குத் துணை நின்றார்கள். தண்டனை ரத்தானது.

ஆனால் அதற்கு விலை இருந்தது. தந்தை மதம் மாற மறுத்தவர். மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குக் கப்பலேறி, ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். 1724இல் அவரும் இறந்தார்.

அதே குடும்பத்து உறவினர் ஆனந்தரங்கப் பிள்ளை, ஆளுநர் துய்ப்ளெக்சின் தலைமைத் துபாஷியாகப் பின்னாளில் பெற்ற செல்வாக்கு இன்னும் பெரிது. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பே அதற்குச் சான்று. எனினும் 1748 செப்டம்பரில் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது அவர் பதவியில்தான் இருந்தார். அவரால் அதைத் தடுக்க முடியவில்லை; நடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைக்கவே முடிந்தது.