உடலளவும் உடலமைப்பும்: தேன்சிட்டு, ஓசனிச்சிட்டு, திமிங்கிலம் குறித்து

சிறிய உயிர் விரைவாக அசையும், பெரிய உயிர் மெதுவாக அசையும். ஆகவே உடலின் அளவு தெரிந்தால் அதன் அசைவும் தெரிந்துவிடும் என்ற கருத்து பொது வாசிப்பில் மட்டுமல்ல, பாடநூல்களிலும் கேள்வியின்றி இடம்பெற்றுவருகிறது. இதற்குச் சான்றாக ஒருபுறம் ஓசனிச்சிட்டையும் (ஹம்மிங் பறவை என்றே பலர் அறிவர்) மறுபுறம் நீலத் திமிங்கிலத்தையும் நிறுத்துவார்கள். ஒன்றின் இதயம் பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. மற்றதன் இதயம் ஆழத்தில் இரை தேடும்போது நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு வரை இறங்குவதை, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் நீலத் திமிங்கிலத்தின் உடலில் ஒட்டிய கருவி பதிவுசெய்தது. அந்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எண்கள் சரியானவைதாம். அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவில்தான் பிழை இருக்கிறது. அளவு விதிப்பது அசைவின் தாளத்தை. அந்தத் தாளத்தைக் கொண்டு ஓர் உயிர் அந்தரத்தில் நிற்குமா, கிளையில் அமருமா, நேரே செல்லுமா, வளைந்து திரும்புமா என்பதை உடலமைப்பு தீர்மானிக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்க அமெரிக்கக் கண்டம் வரை போக வேண்டியதில்லை. செஞ்சிக்கு வடக்கே உள்ள சிங்கவரத்தில், அரங்கநாதர் குடைவரைக் குன்றின் அடிவாரத் தோட்டங்களில் பறக்கும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு போதும்.

முதலில் அளவின் கணக்கு. செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் வெயிலும் மழையும் உருட்டித் திரட்டிய கருங்கல் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஓர் உருண்டையைப் போல இரு மடங்கு குறுக்களவுள்ள இன்னொன்றின் மேற்பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. இந்த உறவை உயிருடலுக்கும் எலும்புக்கும் பொருத்திக் கலிலியோ நூல் வெளியிட்டது 1638-இல். செஞ்சியில் அப்போது நாயக்கர் ஆட்சி தன் கடைசிப் பத்தாண்டுகளில் இருந்தது. எடை நீளத்தின் மும்மடியாகவும், அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டும் இழுக்கும் தசையின் குறுக்குவெட்டும் நீளத்தின் இருமடியாகவும் வளர்வதால், ஒரே வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால் ஏதோ ஓர் எல்லையில் அது தன் எடையாலேயே நொறுங்கும். பாறைக்கு இது கவலையில்லை, அது நகர வேண்டியதில்லை.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் உயிரினங்களின் தகுந்த அளவைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தக் கணக்கைப் பரவலாக அறியச்செய்தது. 1957-இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர் அவர். ஒவ்வொரு விலங்கு வகைக்கும் வசதியான ஓர் அளவு உண்டு, அளவு பெரிதும் மாறினால் வடிவமும் மாறியே தீரும் என்பது அவர் வாதம். அதை மறுக்கக் காரணமில்லை. ஆனால் அதன் எதிர்த்திசைக் கேள்வியை அவர் கட்டுரை எழுப்பவில்லை: அளவு மாறாமல் வடிவம் மட்டும் மாறினால் அசைவு என்னவாகும்?

அதற்குமுன் தாளம் பற்றிய கூற்றை நிறுவவேண்டும். தசை பற்றிய ஆய்வுக்காக உடலியல்–மருத்துவ நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் 1950-இல், ஒத்த வடிவமுள்ள விலங்குகளில் ஓர் அசைவுக்கு ஆகும் நேரம் உடல் நீளத்தோடு சேர்ந்து வளரும் என்று காட்டினார். நீளம் இரட்டித்தால் ஓர் அடிக்கு இரு மடங்கு நேரம் ஆகிறது. அந்த அடியில் கடக்கும் தூரமும் இரு மடங்கு. ஆகவே வேகம் ஏறக்குறைய மாறுவதில்லை. இந்த எதிர்பார்ப்பைப் பலீன் திமிங்கிலங்களில் நேரடியாகவே பார்க்க முடிகிறது. சிறிய மின்க் திமிங்கிலமும், அதைப் போலச் சில மடங்கு நீளமுள்ள நீலத் திமிங்கிலமும் வழக்கமாகச் செல்லும் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர்தான். மாறுவது வாலடிப்பின் எண்ணிக்கை.

இங்கே ஸ்ட்ரூகால் எண் என்ற பரிமாணமற்ற அளவை உதவுகிறது. துடுப்போ சிறகோ நொடிக்கு அடிக்கும் எண்ணிக்கையை அதன் வீச்சால் பெருக்கி, முன்செல்லும் வேகத்தால் வகுத்தால் வருவது அது. 24 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலம் வால்துடுப்பை மேலும் கீழுமாக 3 மீட்டர் வீச்சில், 5 நொடிக்கு ஒருமுறை அடித்து, நொடிக்கு 2 மீட்டர் செல்வதாக வைத்துக்கொண்டால் விடை 0.3. சீராகப் பறக்கும் பறவை, வௌவால், பூச்சி, நீந்தும் மீன், ஓங்கில் எனப் பலவற்றையும் ஒப்பிட்டு டெய்லர், நட்ஸ், தாமஸ் மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலானவை 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் விழுந்தன. அடிக்குப்பின் விடுபடும் சுழல்கள் உந்துவிசையைச் சிக்கனமாகத் தரும் இடைவெளி அதுவே. நீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது என்பதும், திமிங்கிலம் சிட்டைவிடக் கோடி மடங்கு எடையுள்ளது என்பதும் இந்த விகிதத்தை அசைக்கவில்லை. முன்னோக்கிச் செல்லும்வரை சிறியதும் பெரியதும் ஒரே இலக்கணத்துக்குள் நிற்கின்றன.

அந்தரத்தில் நிற்கும் ஓசனிச்சிட்டுக்கு முன்செல்லும் வேகம் சுழியம். சுழியத்தால் வகுக்க முடியாது; கணக்கே அங்கு அறுந்துபோகிறது. எனவே ஓசனிச்சிட்டையும் திமிங்கிலத்தையும் ஒரே கோட்டின் இரு முனைகளாக வைப்பதே முறையற்றது. ஒன்று தன் எடையைக் காற்றின்மேல் ஓயாமல் தூக்கிப் பிடிக்கிறது. மற்றதன் எடையைக் கடல் சுமக்கிறது.

அந்தரத்தில் நிற்பதற்கான விலையைப் பார்ப்போம். வடிவம் மாறாமல் பறவையின் நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். காற்றைக் கீழே தள்ளி அந்த எடையைத் தாங்கத் தேவைப்படும் திறன் சுமார் 11 மடங்காகிறது. தசையின் நிறை எட்டு மடங்கானாலும் சிறகடிப்பின் வேகம் பாதியாகிவிடுவதால், கிடைக்கும் திறன் 4 மடங்குக்கு மேல் போகாது. பெரிய பறவை அந்தரத்தில் நிற்க முடியாததற்கு இந்த இடைவெளியே காரணம். ஓசனிச்சிட்டுக் குடும்பமும் இந்த விதிக்கு உட்பட்டதே. கியூபாவின் தேனீ ஓசனிச்சிட்டு 2 கிராம் அளவு. ஆண்டிஸ் மலைகளின் பேரோசனிச்சிட்டு 20 கிராம் அளவு, அதன் சிறகடிப்பு நொடிக்கு 15-ஐ எட்டுவதே அரிது. இக்குடும்பத்தில் உடல் பெருக்கப் பெருக்கச் சிறகின் பரப்பு வடிவியல் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகப் பெருகியிருக்கிறது. அளவு இட்ட தடையை அமைப்பு கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் எடை 7 முதல் 10 கிராம். இரண்டு கிராமுக்கும் இருபது கிராமுக்கும் நடுவே அது வசதியாக விழுகிறது. மெக்சிகோ முதல் மத்திய அமெரிக்கா வரையிலான மலைகளில் வாழும் ரிவோலி ஓசனிச்சிட்டும் ஏறத்தாழ அதே எடை. உணவும் இரண்டுக்கும் தேனும் சிறு பூச்சிகளுமே. அளவே அசைவை விதிப்பதானால் இரண்டும் ஒன்றுபோலப் பறக்க வேண்டும்.

சிங்கவரத்தில் ஒரு மாமரத்தில் படர்ந்த புல்லுருவியின் முன் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை என்பது தெரியும். தேன்சிட்டு முதலில் காம்பைப் பற்றுகிறது. உடலை முன்னே சாய்க்கிறது, பக்கவாட்டில் திரும்புகிறது, தலைகீழாகக்கூடத் தொங்குகிறது; அதன்பின்தான் அலகு குழாய்ப்பூவுக்குள் போகிறது. செம்பருத்தியில் இன்னும் தந்திரம்: வாய்வழியே போகாமல் பூவின் அடியில் துளையிட்டுத் தேனை எடுத்துக்கொள்கிறது. பற்றக் காம்பில்லாத இடத்தில் மட்டும் ஓரிரு நொடி சிறகடித்து அந்தரத்தில் நிற்கிறது. உடனே பக்கத்துக் கிளைக்குத் தாவிவிடுகிறது.

இந்த வேறுபாடு தோள்மூட்டில் தொடங்குகிறது. ஓசனிச்சிட்டின் மேற்கை எலும்பு மிகக் குட்டையானது. தோளில் அது தன் அச்சிலேயே சுழல்கிறது. அதனால் சிறகு பின்னோக்கி வீசும்போது புரண்டு, அந்த வீச்சிலும் தூக்குவிசை தருகிறது. வாரிக், டோபால்ஸ்கி, பவர்ஸ் மூவரும் 2005-இல் காற்றோட்டத்தைப் படமெடுத்து அளந்தபோது, எடையில் சுமார் 75 விழுக்காட்டைக் கீழ்வீச்சும் 25 விழுக்காட்டை மேல்வீச்சும் தாங்குவது தெரிந்தது. மேல்வீச்சுக்கு அந்த வேலையைக் கொடுக்கத் தசையும் வேண்டும். பெரும்பாலான பறவைகளில் சிறகை உயர்த்தும் தசை, தாழ்த்தும் தசையோடு ஒப்பிட மிகச் சிறியது; ஓசனிச்சிட்டில் அது ஏறத்தாழ பாதியளவு. கால்களோ நடக்கக்கூட உதவாத அளவுக்குச் சிறுத்துவிட்டன. தேன்சிட்டு இதற்கு நேர்மாறு: சிட்டுக்குருவி வகைக்குரிய சிறகு, உறுதியாகப் பற்றும் கால். மரபில் ஓசனிச்சிட்டின் நெருங்கிய உறவினர் நம் கோயில் மண்டபங்களில் கூடுகட்டும் உழவாரக் குருவிகளே. தேன்சிட்டைவிட உழவாரனே அதற்குப் பங்காளி என்பது முதன்முறை கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

ஆக, அளவு ஒன்றாக இருந்தும் அசைவு வேறு. இதற்கு எதிரான ஒரு வலுவான சான்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பரவிய மரப்புகையிலைச் செடியில் அமர வசதி இல்லை. ஆனால் தேன் ஏராளம். அங்குள்ள தேன்சிட்டுகள் அதன் முன் அந்தரத்தில் நின்றே தேன் குடிப்பதைக் கீர்ட்சும் பாவ்வும் 2009-இல் பதிவுசெய்தனர். அப்படியானால் உடலமைப்பு தடையல்லவே என்று கேட்கலாம். தடை அல்ல, விலை என்பதே என் விடை. அந்தரத்தில் நிற்பதற்குத் தேன்சிட்டின் உடல் கூடுதல் விலை கேட்கிறது. பூ அந்த விலையைக் கொடுத்தால் அதுவும் நிற்கும். பழைய உலகின் பூக்கள் பலவும் அந்த விலையைக் கொடுக்காமல், பறவை அமர இடம் கொடுத்து வேலையை முடித்துக்கொண்டன. தென்னாப்பிரிக்காவின் பபியானா ரிங்கென்ஸ் செடி பறவை உட்கார்வதற்கென்றே ஒரு தண்டை நீட்டி வைத்திருக்கிறது.

சிங்கவரத்திலிருந்து கிழக்கே 70 கிலோமீட்டர் அளவில் வங்கக் கடல். திமிங்கிலங்களிலும் இதே சோதனையைச் செய்யலாம். நீலத் திமிங்கிலம் மெலிந்து நீண்டது, துடுப்பு சிறியது, திறந்த கடலில் நேராக நெடுந்தொலைவு செல்லும் உடல். கூன்முதுகுத் திமிங்கிலம் அதைவிடக் குட்டை, பருமன். அதன் பக்கத் துடுப்பு உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீள்கிறது, முன்விளிம்பில் புடைப்புகள் வரிசையாக உள்ளன. அதன் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, புடைப்புள்ள துடுப்பு புடைப்பில்லாததைவிடச் செங்குத்தான சாய்கோணம் வரை தூக்குவிசையை இழக்காமல் நின்றது. இவ்வளவு பெரிய உடல் சிறிய வட்டத்தில் திரும்பி மீன்கூட்டத்தை வளைப்பது அதனால்தான். இரண்டும் பல பத்து டன் எடையுள்ளவை, ஒரே குடும்பத்தவை. ஒன்று ஓடுவதற்கு, ஒன்று திரும்புவதற்கு.

கடல் எடையைச் சுமக்காதபோது என்னவாகும் என்பதைத் தூத்துக்குடி மாவட்டக் கரை இரண்டு முறை பார்த்திருக்கிறது. 1973 ஜனவரியில் மணப்பாடு அருகே 147 பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில் அதே திருச்செந்தூர்–மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்டவை. மீனவர்கள் கடலுக்குள் இழுத்துவிட்டவற்றில் பல மீண்டும் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இயல்பும் சரிவு குறைந்த மணற்கரையும் இதில் பங்கு வகிக்கலாம். கரையேறும் காரணத்தை அளவும் அமைப்பும் விளக்கா. கரையேறியபின் நடப்பதை அவை நன்றாகவே விளக்குகின்றன. ஒரு டன்னுக்கு மேற்பட்ட உடல் தன் நெஞ்சின் மேலேயே அழுந்துகிறது, மூச்சு இழுப்பது பாரமாகிறது. கடலின் குளிருக்கென அமைந்த கொழுப்புப் படலம் வெயிலில் சூட்டை வெளியே விடுவதில்லை. வாலடிப்பு அப்போதும் நிற்பதில்லை, தள்ளுவதற்கு நீர்தான் இல்லை.

இந்த ஆய்வின் நடைமுறைப் பயன் இலங்கையின் தெற்குக் கடலில் இருக்கிறது. மிரிஸ்ஸைக்கும் தெவிநுவரைக்கும் வெளியே நீலத் திமிங்கிலங்கள் ஆண்டு முழுதும் இரை தேடுவதை ஆஷா டி வோஸ் போன்றோரின் ஆய்வுகள் நிறுவியுள்ளன. உலகின் மிக நெருக்கடியான கப்பல் தடங்களில் ஒன்று அதே நீர்ப்பரப்பின் குறுக்கே போகிறது. கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கிலம் பக்கவாட்டில் விலகுவதில்லை, மெல்லக் கீழே அமிழ்கிறது, அவ்வளவுதான் என்பதைக் கலிபோர்னியக் கடலில் செய்த பதிவுகள் காட்டின. பெரிய உயிர் மந்தமானது என்று இதைப் படிப்பவர்கள் பொருளைத் தவறவிடுகிறார்கள். 5 நொடிக்கு ஒரு வாலடிப்பு என்ற தாளத்தை அளவு விதித்துவிட்டது. சட்டென விலகும் துடுப்பை உடலமைப்பு கொடுக்கவில்லை. இரண்டையும் அந்த விலங்கால் மாற்ற இயலாது. கப்பல் தடத்தை மாற்ற இயலும். எம்.எஸ்.சி. கப்பல் நிறுவனம் 2022-இல் தன் கப்பல்களை இன்னும் தெற்கே விலக்கி ஓட்டத் தொடங்கியது. ஆய்வாளர்கள் முன்வைத்த விலகல் 15 கடல் மைல். மற்றக் கப்பல் நிறுவனங்களும் அதைப் பின்பற்ற வேண்டும். கொழும்பும் அந்தத் தடமாற்றத்தை அலுவல்முறையாகக் கோர வேண்டும்.