ஓட்டல் சுவரில் தொங்கிய பலகைகள்

ஓட்டலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. சுவரில் தொங்கிய பலகைகள்தான் சொல்லித் தந்தன. ‘தட்டில் கை கழுவாதீர்கள்’, ‘வெளி உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை’, ‘அரசியல் பேசாதீர்’. இவற்றைப் படித்துச் சிரித்துக்கொண்டே தோசைக்குக் காத்திருந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் இவற்றுக்கு முன்னால் ஓட்டல்களில் வேறு விதமான பலகைகளும் இருந்தன. அவை சமைத்தவர் எந்தச் சாதி, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்லின. ஓட்டல் நாகரிகத்தின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

காசு கொடுத்து வெளியே சாப்பிடுவது நம் முன்னோருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத காரியம். வெளியூர் போனால் கட்டுச்சோறு, இல்லாவிட்டால் உறவினர் வீடு அல்லது சத்திரம். ரயில், கல்லூரி, கோர்ட்டு, ஆபீஸ் வேலை என்று வந்த பிறகுதான் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்தில் தங்கியவர்களுக்குத் தினமும் வெளிச்சாப்பாடு தேவைப்பட்டது. அப்படிப் பெருகியவைதான் காபி கிளப்புகள்.

அங்கே முதலில் எழுந்த கேள்வி, சமைத்தவர் யார் என்பது. பிராமணர் சமைத்தால் எந்தச் சாதிக்காரரும் சாப்பிடலாம் என்பது அன்றைய எண்ணம். அதனால் ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகை வியாபாரத்துக்கு உதவியது. சைவ உணவு என்பதற்கும் அதுவே அடையாளமாக இருந்தது. ஆனால் விஷயம் சமையற்கட்டோடு நிற்கவில்லை. பல ஓட்டல்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். தாழ்த்தப்பட்ட மக்களைப் பல இடங்களில் உள்ளேயே விடவில்லை. எல்லோருடைய காசும் ஒரே கல்லாவில்தான் விழுந்தது. உட்காரும் இடம்தான் வேறு வேறு.

அந்தக் காலத்து நாகரிகம் முழுவதும் ‘எச்சில்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே இருந்தது. டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பது, பக்கத்து இலையில் கை படாமல் பார்த்துக்கொள்வது, பரிமாறும் கரண்டி இலையைத் தொடாமல் இருப்பது. பலர் புழங்கும் பாத்திரம் என்பதால் சுகாதாரம் என்ற வகையில் இவை நல்ல பழக்கங்களே. ஆனால் என் எச்சில் பிறர் மேல் படக்கூடாது என்பது ஒன்று, பிறர் பக்கத்தில் உட்கார்ந்தாலே தீட்டு என்பது வேறொன்று. முதலாவது மரியாதை, இரண்டாவது அவமதிப்பு. இரண்டையும் சேர்த்து ‘ஆசாரம்’ என்ற ஒரே பெயரில் வைத்திருந்ததுதான் கோளாறு.

இதை எதிர்த்த குரல்களும் பழையவையே. 1924-25ல் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது மாகாணம் முழுவதும் பெரிய பிரச்சினையானது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் தொடர்ந்து எதிர்த்ததால் 1941ல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது.

பிறகு சட்டம் வந்தது. 1950ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 15வது பிரிவு, மதம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஒருவரைத் தடுக்கக்கூடாது என்று சொல்கிறது. 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போனது. ஓட்டலுக்குள் நுழைய விடாமல் தடுப்பது மட்டுமல்ல, அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. ஒரு டம்ளருக்காகச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அப்படியும் கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் முறை அதற்குப் பிறகும் பல காலம் நீடித்தது.

பலகை மட்டும் சுலபமாக இறங்கவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை நீக்கக் கோரி 1957ல் பெரியார் மறியல் போராட்டம் தொடங்கினார். பல மாதங்கள் தொண்டர்கள் தினமும் வந்து மறியல் செய்து சிறை சென்றார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. அந்த ஓட்டலில் இட்லியின் ருசி மாறியிருக்காது. வாசலில் நுழைகிறவரின் மனநிலை நிச்சயம் மாறியிருக்கும்.

இன்று மதிய நேரத்தில் கூட்டமான ஓட்டலுக்குப் போகிறோம். நான்கு பேர் மேஜையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. “இங்கே யாராவது வர்றாங்களா சார்?” என்று கேட்கிறோம். “இல்லை, உட்காருங்க” என்கிறார்கள். யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்பதில்லை. சாம்பார் வாளியை நம் பக்கம் நகர்த்தியும் வைக்கிறார்கள். சாதாரணமாகத் தோன்றும் இந்த இரண்டு வரிப் பேச்சுக்குப் பின்னால் முப்பது, நாற்பது ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. நம் ஓட்டல்களில் உள்ள மிக நல்ல பழக்கம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பரிமாறுகிறவர் விஷயத்தில் நாம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஓட்டல் தொழிலாளரின் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் முறைப்படுத்த 1958லேயே இங்கே தனிச் சட்டம் வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஓட்டல், டீக்கடைகளில் வேலைக்கு வைப்பதை மத்திய அரசு 2006 அக்டோபரில் தடை செய்தது. ஆனாலும் மேஜை துடைக்கிறவரை, அவருக்கு நாற்பது வயதானாலும், ‘பையா’ என்றுதான் பலர் கூப்பிடுகிறோம். இப்போது அவர் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். தமிழ் புரியாவிட்டாலும் குரலில் உள்ள அதட்டல் புரியும். விரலைச் சொடுக்குவது, தாமதத்துக்குச் சமையல்காரர் மேல் உள்ள கோபத்தைச் சர்வர் மேல் காட்டுவது, குழந்தை கொட்டியதைத் துடைப்பது அவர் வேலைதானே என்று எழுந்து போவது, இவையெல்லாம் தட்டில் கை கழுவுவதைவிட மோசமானவை.

கடைசியாக நம் குடியிருப்பு அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை இரவு ஓட்டல்களில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அழைத்து வந்த பெண், தனி மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். சில சமயம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார். டிரைவர் வெளியே காரில் இருக்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ‘அவங்களுக்கே கூச்சம் சார்’ என்பார்கள். இருக்கலாம். ஆனால் தனி இடம் வைத்தவர்களும் அந்தக் காலத்தில் இப்படித்தான் காரணம் சொல்லியிருப்பார்கள். ஓட்டல்காரர் சுவரிலிருந்து எடுத்துவிட்ட பலகையை நாமே கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

அடுத்த முறை டேபிள் கேட்கும்போது, உடன் வருகிறவரையும் எண்ணிக்கையில் சேர்த்துச் சொல்லுங்கள். ‘நாலு பேர்’ என்பதற்குப் பதில் ‘அஞ்சு பேர்’. அவ்வளவுதான். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேட்டு ஆர்டர் கொடுங்கள். பில் தொகை கொஞ்சம் கூடும். செலவுக் கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். சாப்பாட்டுச் செலவு என்றே எழுதலாம்.